ரங்கூன் களிமண்மேல் ஒரு நில அதிர்வுமானி

2025 மார்ச் 28 மத்தியானம் 12:50-க்குப் பர்மாவின் சகாயிங் பிளவு (நிலத்துக்கு அடியில் ஓடும் நீள வெடிப்பு) உடைந்து 7.7 அளவில் பூகம்பம் வந்தது. அதற்குப் பிறகு வீட்டிலேயே ஒரு நில அதிர்வுமானி கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகக் கட்டலாம். ஒரு தண்டு, ஒரு எடை, கொஞ்சம் கம்பி, காந்தம், சுருள்: சாமான் இவ்வளவுதான். கட்டுவது ஒரு வார வேலை. கட்டியதை வைத்த இடத்தில் ஒழுங்காக நிற்க வைப்பதுதான் மாதக் கணக்கில் பிடிக்கும்.

குளிர்நாட்டுக் கட்டுமான வரைபடங்கள் அலைவு நேரத்தை, அதாவது தண்டு ஒரு தடவை போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தை, 20, 25 விநாடிக்கு நீட்டச் சொல்லும். பாறைமேல் கட்டின நிலவறையில் அது சரிப்படும். ரங்கூனில், வண்டல் களிமண்மேல் நிற்கிற வீட்டில், முதல் மழைக்கே தண்டு ஒரு பக்கத் தடுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 12-லிருந்து 15 விநாடிக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் கிடைக்கிற லாபத்தை மண்ணே தின்றுவிடும்.

தானாகச் சாத்திக்கொள்ளும் கேட்டைப் பார்த்திருப்பீர்கள். கீல் இருக்கும் தூண் துளி முன்னால் சாய்ந்திருக்கும். கதவை எங்கே விட்டாலும் அது பழைய இடத்துக்கே வந்து நிற்கும். நாம் கட்டுவதும் அந்தக் கேட்தான்; எடை மாட்டிய தண்டுதான் கதவு. சாய்வு குறையக் குறையக் கதவு மெதுவாகத் திரும்பும். கீலிலிருந்து எடையின் நடு வரை 60 சென்டிமீட்டர் என்றால், 12 விநாடிக்கு 0.96 டிகிரி சாய்வு வேண்டும். 15 விநாடிக்கு 0.61, 20 விநாடிக்கு 0.35. இது முன்பின் சாய்வு. இப்போது பக்கவாட்டைப் பாருங்கள். அடித்தளம் ஒரு மீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு காகிதத்தின் கனம் அளவு, ஒரு பக்கமாகச் சரிகிறது என்று வையுங்கள். 12 விநாடித் தண்டில் எடை 3.6 மில்லிமீட்டர் நகரும். 15 விநாடியில் 5.6, 20 விநாடியில் 10, 25 விநாடியில் 15-ஐத் தாண்டும். அலைவு நேரம் இரட்டித்தால் நகர்வு நாலு மடங்கு. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குகிற களிமண்ணுக்கு ஒரு காகிதக் கனமெல்லாம் ஒரு ராத்திரி வேலை.

எந்தப் பக்கம் நீட்டி வைப்பது

சகாயிங் பிளவு வடக்கு தெற்காக ஓடுகிறது. ரங்கூனுக்குக் கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில், பெகு (பகோ) நகரை ஒட்டிப் போகிறது. 1930 மே 5-ல் பெகுவைச் சாய்த்து ஷ்வேமோடோ பகோடாவைத் தள்ளியதும், அதே வருஷம் டிசம்பரில் பியூ ஊர்ப் பக்கம் ஆட்டியதும் இதே பிளவுதான். இதன் இரண்டு கரையும் மேலும் கீழும் போகாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வழுக்குகின்றன. இப்படிப்பட்ட பிளவின் நீளத்திலேயே நாம் நின்றால் முதலில் வரும் பி அலை (முன்னும் பின்னும் தள்ளுவது) மெலிந்து வரும். பின்னால் வரும் எஸ் அலையும் (குறுக்கே ஆட்டுவது) லவ் அலையும் (தரையின் மேற்பரப்பைப் பக்கவாட்டில் ஆட்டுவது) கிழக்கு மேற்காகப் பலமாக ஆட்டும். ஆகவே ரங்கூனில் ஒரே ஒரு கருவிதான் என்றால் தண்டை வடக்கு தெற்காக நீட்டி வையுங்கள். தண்டு தன் நீளத்துக்குக் குறுக்கேதான் ஆடும் என்பதால் கிழக்கு மேற்கு அசைவு அதில் விழும். இரண்டாவது கருவி கட்டும்போது குறுக்கே வைத்துக்கொள்ளலாம்.

மேலும் கீழுமான அசைவுக்கு ஸ்பிரிங் தொங்கவிட்டுக் கட்டுவதை ஆரம்பத்தில் தொடாதீர்கள். எஃகு ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.024 சதவீதம் மாறும். 5 விநாடிக் கருவியில் அது எடையை 1.5 மில்லிமீட்டர் இறக்கிவிடும். ஏப்ரல் வெயிலில் பகலுக்கும் இரவுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். செங்குத்துக்கு 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் (தரை அசைவை மின்சாரமாக்கும் சின்ன உணரி) ஒன்று வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

உடம்பு

அடித்தளத்துக்கு 80 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 3 கனத்தில் சலவைக்கல் பலகை. மண்டலே பக்கத்துச் சகின் மலைக் கல் நமக்குக் கிடைக்கிற நல்ல பொருள். துருப் பிடிக்காது, வளையாது, காந்தத்தை இழுக்காது. மரப்பலகை வேண்டாம், தேக்கானாலும் சரி. மழைக்கால ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும்.

தூண் 40 சென்டிமீட்டர் உயரம், அலுமினியச் சட்டம். தண்டு 12 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய், 80 சென்டிமீட்டர். எடைக்கு ஒன்றரை பர்மா வீசை ஈயம், அதாவது ஏறக்குறைய 2.45 கிலோ. தூணின் உச்சியிலிருந்து எடைக்கு மேலே தண்டைத் தாங்கும் கம்பி, கிட்டாரின் மிக மெல்லிய 0.25 மில்லிமீட்டர் தந்தி. இந்த அளவுகளில் தந்தியில் விழும் இழுவை 4.4 கிலோ, கிட்டாரில் 7 கிலோ வரை தாங்குகிற தந்திதான் அது. முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சில்தான் அறும். இரண்டு வாஷருக்கு நடுவே வைத்து இறுக்குங்கள். தண்டிலும் எடையிலும் இரும்புத் திருகு ஒன்றுகூட இருக்கக் கூடாது, பித்தளையே போடுங்கள். ஒரு சின்ன இரும்புத் திருகு காந்தத்துக்குப் பக்கத்தில் வந்தால் கேட்டுக்கு இரண்டாவது கீல் வைத்த மாதிரி ஆகிவிடும்.

அதிகம் கெடுவது, தண்டின் முனை தூணில் அழுந்தும் கீழ்க்கீல். அதில் சுமார் 3.7 கிலோ அழுத்தம் விழுகிறது. பலர் ஆணி நுனியைக் குழியில் உட்கார வைக்கிறார்கள். ஒரு மாதத்தில் நுனி மழுங்கி, குழி அகன்று, அந்த ஈரத்தில் துருவும் சேர்ந்து தண்டு ஒட்டி ஒட்டி நகரும். இதற்கு மாற்று மலிவானது. சர்க்யூட் போர்டில் துளை போடும் டங்ஸ்டன் கார்பைடு பிட் உடைந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதன் 3.175 மில்லிமீட்டர் அடித்தண்டு மிகவும் கடினமானது, வழவழப்பானது. ஒன்றைத் தூணில் செங்குத்தாகவும் இன்னொன்றைத் தண்டின் முனையில் கிடையாகவும் எப்பாக்ஸியால் ஒட்டி, இரண்டும் சிலுவை மாதிரி ஒன்றோடொன்று அழுந்தும்படி வையுங்கள். உரசுவதற்குப் பதிலாக உருளும். அழுத்தம் ஒரே புள்ளியில். துரு கிடையாது.

கீல் நல்லதா என்று பார்க்கத் தணிப்புக் காந்தத்தை (ஆட்டத்தை அடக்கும் காந்தம், கீழே சொல்கிறேன்) எடுத்துவிட்டுத் தண்டை 20 மில்லிமீட்டர் விலக்கி விடுங்கள். அலைவு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்து அடங்க வேண்டும். பத்துத் தடவை விட்டாலும் நிற்கும் இடம் அரை மில்லிமீட்டருக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறு இடத்தில் நின்றால், அல்லது திடீரென்று பிரேக் போட்ட மாதிரி நின்றால், கீலில் உரசல் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மின்சுற்றுப் பக்கமே போகாதீர்கள்.

மூன்று கால், ஒரு நீள வால்

அடித்தளத்துக்கு மூன்றே கால்கள். தூணுக்கு அடியில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு, எடைப் பக்கத்தில் 75 சென்டிமீட்டர் தள்ளி ஒன்று. மூன்றும் 6 மில்லிமீட்டர் போல்ட், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். தூண் நேர் செங்குத்தாக இருக்கும் நிலையிலிருந்து எடைப் பக்கத்தை 8 மில்லிமீட்டர் இறக்கினால் 15 விநாடி வரும். அந்தப் போல்ட்டை ஒரு சுற்று ஏற்றினால் 16 விநாடி. இதே ஒரு சுற்று 20 விநாடியில் இருக்கும்போது உங்களை 22.7-க்குக் கொண்டு போய்விடும். நீட்ட நீட்டக் கருவி கைக்கு அடங்காது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

பக்கவாட்டு மட்டம்தான் கஷ்டம். தூணடிப் போல்ட்டில் ஒன்றை முழுச்சுற்றுத் திருப்பினால் தண்டு போய்த் தடுப்பில் மோதும், அவ்வளவு முரட்டுத்தனமான திருப்பு அது. அந்தப் போல்ட்டின் தலையில் 15 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றை வால் மாதிரி பற்ற வையுங்கள். வாலின் நுனியை ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் 15 விநாடித் தண்டில் எடை 0.3 மில்லிமீட்டர் நகரும். வாலைப் பெட்டிக்கு வெளியே நீட்டிவிட்டால் மூடியைத் திறக்காமலே மட்டம் பார்த்துக்கொள்ளலாம். மூடியைத் திறந்தால் உள்ளே புகும் காற்று அடங்க மணிக் கணக்காகும். எங்கே திருத்தினோம், எவ்வளவு திருத்தினோம் என்றே தெரியாமல் போகும்.

போல்ட் நுனிகளைச் சிமென்டில் நேராக ஊன்றாதீர்கள், மெல்லத் தோண்டிக்கொண்டு இறங்கும். தடித்த கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றுக்கும் அடியில் வையுங்கள்.

தணிப்பு

தணிக்காத ஊசல் ஒரு தடவை உசுப்பினால் பத்து நிமிஷம் ஆடும். அந்த ஆட்டத்தைப் பூகம்பம் என்று படிக்கிறவர்கள் உண்டு. 3 மில்லிமீட்டர் செம்புத் தகடு ஒன்றைத் தண்டில் மாட்டி, அடித்தளத்தில் நிற்கும் இரண்டு நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே ஓடவிடுங்கள். காந்தத்தை அடித்தளத்திலும் செம்பைத் தண்டிலும் வைப்பதே சரி. காந்தம் தண்டில் இருந்தால் தெருவில் போகும் லாரியின் இரும்புகூட அதை இழுத்துப் பார்க்கும்.

வேண்டிய தணிப்பு, தண்டு ஆடாமல் நேரே வந்து நிற்பதற்கு வேண்டியதில் 0.7 பங்கு. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. தண்டை நடுவிலிருந்து 10 மில்லிமீட்டர் விலக்கி விடுங்கள். அது நடுவைத் தாண்டி மறுபக்கம் அரை மில்லிமீட்டர் மட்டும் போய்த் திரும்பி நிற்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் போனால் தணிப்பு 0.5 பங்குதான். தாண்டவே இல்லை என்றால் கூடிப்போய்விட்டது. காந்தத்தைக் கொஞ்சம் வெளியே இழுங்கள். அலைவு நேரத்தை மாற்றினால் இதையும் மறுபடி செய்ய வேண்டும். நேரம் நீண்டால் அதே காந்தம் அதிகமாகத் தணிக்கும்.

சுருளும் மின்சுற்றும்

தண்டில் மாட்டிய சுருள் ஒரு காந்தத்துக்குப் பக்கத்தில் ஆடும்போது அதில் மின்னழுத்தம் பிறக்கும், அதைத்தான் பதிவு செய்கிறோம். 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பி, 3000 சுற்று, சராசரி விட்டம் 4 சென்டிமீட்டர். கம்பி 377 மீட்டர் பிடிக்கும், சுமார் 820 ஓம் காட்டும். அதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால் எனாமல் எங்கோ உரிந்து சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. சுருளின் இரண்டு முனைகளையும் தண்டு வழியாகக் கீல் வரை கொண்டுவந்து, அங்கேதான் தளர்வான வளையமாக இறக்க வேண்டும். நுனியிலேயே இறக்கினால் அந்த மெல்லிய கம்பியே ஸ்பிரிங் ஆகிவிடும்.

நல்ல காந்தம் வைத்த இப்படியான சுருள், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 60 வோல்ட் சுமாரில் தரும். அமைதியான ராத்திரியில் தரையின் வேகம் விநாடிக்கு ஒரு மைக்ரோமீட்டர்தான், ஆக 60 மைக்ரோவோல்ட். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சில்லை (சிப்பை) நேரே இணைத்தால் அதன் மிக நுண்ணிய படியே 7.8 மைக்ரோவோல்ட், எட்டுப் படியில் என்ன தெரியும்? ஓபி07 என்ற பெருக்கிச் சில்லைப் போட்டு 50 மடங்கு பெருக்கி, சில்லை 2.048 வோல்ட் எல்லையில் வையுங்கள். அதே மைக்ரோமீட்டர் 48 படி ஆகும். எல்எம்358, 741 பெருக்கிகள் வேண்டாம். இந்த மெதுவான அலைகளில் அவற்றின் சொந்த இரைச்சலே சிக்னலை மூடும்.

இனி நம் ஊர் கரண்டு. இது 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 50 தடவை அளந்தால் அந்த முனகல் வேகமான அலையாகத் தெரியாது. மடங்கி, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் மெதுவான அலையாக உட்காரும். கரண்டு 49.9-க்கு இறங்கினால் திரையில் 10 விநாடி அலை ஒன்று அழகாக ஓடும், தூரத்துப் பூகம்பம் போலவே. நம் மின்சாரம் 50-லேயே நிற்பதில்லை, ஜெனரேட்டர் ஓடும்போது இன்னும் மோசம். இரண்டு வேலை செய்யுங்கள். பெருக்கியின் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் 100 கிலோ ஓமும் 0.22 மைக்ரோஃபாரடும் சேர்த்த வடிகட்டி, 7 ஹெர்ட்ஸில் வெட்டும், இரண்டு அடுக்கு. அதோடு விநாடிக்கு 200 தடவை அளந்து, நாலு நாலாகச் சராசரி எடுத்து 50 ஆக்குங்கள். நாலு அளவு 20 மில்லிவிநாடி, சரியாக ஒரு முழு 50 ஹெர்ட்ஸ் அலை; அது தானே அழிந்துபோகும். கருவியை 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், சோலார் தகடு அதை நிரப்பிக்கொள்ளட்டும்.

நேரத்துக்கு ஜிபிஎஸ் மாட்யூல் தவிர எதையும் நம்பாதீர்கள். இன்டர்நெட் நின்றால் கணினிக் கடிகாரம் வழுக்கும். டிஎஸ்3231 கடிகாரச் சில் நல்லதுதான், ஆனாலும் ஒரு நாளுக்கு 0.17 விநாடி வரை விலகலாம். பதிவு முழுவதும் உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். நம் ஊர் நேரம் ஆறரை மணி முன்னால். அந்த அரை மணியை மறந்து ஆறு கழித்துவிட்டு, பதிவில் பூகம்பமே இல்லை என்று தேடுவது எல்லோரும் செய்கிற தப்பு.

பெட்டியும் குடிவருகிறவையும்

5 சென்டிமீட்டர் தெர்மோகோல் பெட்டி, இணைப்புகளில் டேப். உள்ளே கூரைக்கு ஒட்டி ஒரு ரெசிஸ்டர் வைத்து ஒன்று அல்லது இரண்டு வாட் சூடு கொடுத்தால் சூடான காற்று மேலேயே தங்கும், சுழலாது. தண்டு இலேசாக அலைபாய்வது அதோடு நின்றுவிடும். சூடு கீழே இருந்தால் விளைவு தலைகீழ், அதனால் மின்சுற்றைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை வறுத்து எடுங்கள். சிலந்தி ஒரே இரவில் தண்டுக்கும் தூணுக்கும் நடுவே நூல் கட்டும். ஒற்றை நூல்கூட 15 விநாடி ஊசலைப் பிடித்து நிறுத்தப் போதும். பதிவு காரணமில்லாமல் செத்துக் கிடந்தால் முதலில் டார்ச் அடித்து அந்த நூலைத் தேடுங்கள்.

கருவி கீழ்த்தளத்தில் மூலையில் இருக்க வேண்டும். டவுனில் எட்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் வைத்தால் கட்டடத்தின் சொந்த ஆட்டம்தான் பதிவாகும். மாடிக்கு 0.1 விநாடி என்று வையுங்கள், எட்டு மாடிக்கு 0.8. ஆட்டுக்கல், அம்மி இருக்கிற சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். டீசல் ஜெனரேட்டர் 25 ஹெர்ட்ஸிலும் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸிலும் தரையை உலுக்கும். வடிகட்டி அதைப் பெரும்பாலும் தின்றுவிடும். திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) நாட்களில் பதிவைப் பார்க்க வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் அலை பெரிதானதும், திரையில் 4-லிருந்து 8 விநாடி இடைவெளியில் ஓயாத நெளிவு வரும். அது கோளாறு இல்லை, கடல் தரையைத் தட்டுகிற அதிர்வு. அது தெரிந்தால் கருவி உயிரோடு இருக்கிறது. மழைக்காலத்திலும் தெரியவில்லை என்றால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாற்றுவதற்கு முன் அளப்பது

சுருளைக் கழற்றி அந்த இடத்தில் 820 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி ஒரு ராத்திரி பதிவு செய்யுங்கள். அந்தக் கோடும் சுருள் மாட்டிய அமைதியான ராத்திரியின் கோடும் ஒரே கனமாக இருந்தால் குறை மின்சுற்றில், பெருக்கியை மாற்றுங்கள். ரெசிஸ்டர் கோடு மெல்லியதாக இருந்தால் மின்சுற்றில் காசு போடாதீர்கள், பெட்டியையும் கீலையும் கவனியுங்கள்.

சுருளின் உண்மையான திறனையும் வீட்டிலேயே அளக்கலாம். பெருக்கியைத் தாண்டிச் சுருளை நேரே ஏடிஎஸ்1115-ல் 0.256 வோல்ட் எல்லையில் மாட்டுங்கள். சுருளின் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, அது சரியாக 5 மில்லிமீட்டர் மட்டும் நகரும்படி செய்து, ஒரு தடுப்பிலிருந்து மறு தடுப்புக்கு ஐந்தாறு விநாடியில் மெல்லத் தள்ளுங்கள். அந்த நேரத்தில் வந்த வோல்ட் அளவுகளையெல்லாம் கூட்டி, ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் உள்ள நேரத்தால் பெருக்கி, 0.005-ஆல் வகுத்தால் திறன். 0.3 வந்திருந்தால் 60. வேகமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் விடை மாறாது என்பதுதான் இந்த முறையின் அழகு. சுருள் எடையைவிடக் கீலுக்கு எட்டத்தில் இருந்தால் அந்தத் தூர விகிதத்தால் இதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

50 மடங்குப் பெருக்கத்தோடு இந்தக் கருவி விநாடிக்கு 0.68 மில்லிமீட்டர் வேகத்திலேயே முட்டிக்கொள்ளும். பெகுவில் வலுவாக ஆடினால் பதிவு தட்டையாகத்தான் நிற்கும். அதற்காகப் பெருக்கத்தைக் குறைத்தால் தூரத்துப் பூகம்பம் போய்விடும். பலமான ஆட்டத்துக்குத் தனியாகத் தூணடிக் கல்லில் ஏடிஎக்ஸ்எல்355 முடுக்கமானி ஒன்றைத் திருகி, இரண்டையும் ஒரே ஜிபிஎஸ் நேரத்தில் பதிவு செய்யுங்கள்.

படிக்கும்போது தூரக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. எஸ் அலைக்கும் பி அலைக்கும் உள்ள விநாடி வித்தியாசத்தை 8-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் என்பது பக்கத்துப் பூகம்பத்துக்கு. மண்டலே நமக்கு நேர்கோட்டில் 570 கிலோமீட்டர்; வித்தியாசம் ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட வரும், 8-ஆல் பெருக்கினால் 480-தான் கிடைக்கும். அந்தத் தூரத்துக்கு 9.5 போடுங்கள். சகாயிங் பிளவிலிருந்து பி அலை நமக்கு மெலிந்து வருவதால், கிடைத் தண்டின் பதிவில் முதலில் கண்ணில் படுவதைப் பி என்று குறிக்க வேண்டாம். அதே நேரத்து ஜியோபோன் பதிவைப் பெரிதாக்கி, அதற்கு ஐந்தாறு விநாடி முன்பிருந்தே தேடுங்கள்.